‘நான் எதற்காக?’ என்ற கேள்வியைக் கட்டைகளோடு உட்கார்ந்து கேட்பது எப்படி

வாழ்க்கையில் உனக்கு என்னதான் வேண்டும் என்று யாராவது கேட்டால் நம்மில் பெரும்பாலானவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும், கடன் இல்லாமல் இருக்க வேண்டும், நாலு பேருக்கு உபயோகமாக இருக்க வேண்டும். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியங்கள் அவை, வாயிலிருந்து தானாக வந்து விழுந்துவிடும், சொன்ன பிறகு நமக்கே புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. அதே கேள்வியைக் கேட்டு, முன்னால் பிள்ளைகள் பொருத்தி விளையாடும் கட்டைகளை ஒரு குவியலாகக் கொட்டி, ஐந்து நிமிடத்தில் எதையாவது கட்டு என்றால் கை வேறு எதையோ கட்டுகிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது, அதற்கப்புறம் இரண்டு வருஷமாக விட்டுவிட்டுச் செய்துவருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் வீட்டில் தனியாகவே செய்துபார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒருவருடைய கதை. மனநல மருத்துவர் கார்ல் குஸ்டாவ் யுங்கிற்கும் ஃப்ராய்டிற்கும் இருந்த நட்பு 1913இல் முறிந்துபோனது. யுங்கிற்கு அப்போது 37 வயது. அடுத்து எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, தன் வாழ்க்கை முழுவதையும் இரண்டு தடவை அலசிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. சரி, மனசில் எது தோன்றுகிறதோ அதைச் செய்வோம் என்று விட்டபோது, பத்துப் பதினோரு வயதில் கட்டைகளை வைத்து வீடும் கோட்டையும் கட்டி, புட்டிகளை வாசல்களுக்குப் பக்கத்தூணாக நிறுத்தி விளையாடியது ஞாபகம் வந்தது, கூடவே ஒரு பெரிய உணர்ச்சியும் வந்தது. அந்தப் பையன் இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறான் என்று அவருக்குப் பட்டது. வளர்ந்த மனிதர், பெயர்பெற்ற மருத்துவர், அவருக்கு அது கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தும் சூரிச் ஏரிக்கரையில், தன் வீட்டை ஒட்டிய இடத்தில், கல் பொறுக்கிச் சின்னச் சின்ன வீடுகள் கட்ட ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உட்காருவார், நோயாளிகள் வரும்வரை கட்டுவார், சாயங்காலம் வேலை சீக்கிரம் முடிந்தால் மறுபடியும். வீடுகள், ஒரு கோட்டை, ஒரு கிராமமே வந்துவிட்டது. தேவாலயம் மட்டும் இல்லை. அதையும் குவிமாடத்தோடு கட்டினார், ஆனால் உள்ளே பலிபீடம் வைக்க மனசு வரவில்லை. இடத்தைக் காலியாகவே விட்டுவைத்தார். ஒருநாள் வழக்கம்போல் கரையில் நடக்கும்போது, ஏறத்தாழ 4 செ.மீ. உயரத்தில் பிரமிடு மாதிரி ஒரு சிவப்புக் கல் கண்ணில் பட்டது, பார்த்த உடனே இதுதான் அந்தப் பலிபீடம் என்று தெரிந்தது.

கட்டக் கட்டத் தன் எண்ணங்கள் தெளிந்தன என்று பிற்பாடு அவரே சொன்னார். 1923இல் போலிங்கன் என்ற ஊரில் நிஜமாகவே கல்லால் ஒரு கோபுர வீடு கட்டத் தொடங்கி, முப்பது வருஷத்துக்கு மேல் அதைக் கூட்டிக் கூட்டிக் கட்டிக்கொண்டே இருந்தார்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் காலி இடம்தான். கிராமம் முழுவதையும் கட்டிய மனிதர் நடுவில் இருக்க வேண்டியதை அவசரப்பட்டு ஏதாவதொன்றால் நிரப்பிவிடவில்லை. கீழே சொல்லப்போகும் முறையில் பாதி அதுதான்.

மீதிப் பாதி இன்னொரு இடத்திலிருந்து வருகிறது. 1990களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஐஎம்டி என்ற மேலாண்மைக் கல்லூரியின் பேராசிரியர்கள் யோஹான் ரூஸும் பார்ட் விக்டரும், பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனத்தின் உரிமையாளர் கியெல்ட் கிர்க் கிறிஸ்டியான்செனோடு சேர்ந்து, பெரியவர்கள் கட்டைகளைக் கொண்டு யோசிப்பதற்கு ஒரு முறையை உருவாக்கப் பார்த்தார்கள். ராபர்ட் ரஸ்முசன் அதைச் செப்பனிட்டார். ‘லெகோ சீரியஸ் ப்ளே’ என்ற பெயரில் 2002இல் வெளிவந்தது, 2010இல் யாரும் பயன்படுத்தலாம் என்று அடிப்படை முறையைத் திறந்துவிட்டார்கள். இதற்குப் பின்னால் இருப்பது அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் வேலை செய்த சீமோர் பாப்பெர்ட்டின் எண்ணம்: கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளைக் கையால் செய்துகொண்டிருக்கும்போது மண்டைக்குள் இருக்கும் அறிவும் நன்றாகக் கட்டப்படுகிறது. அலுவலகங்களுக்காக வந்த முறைதான், ஆனால் அதன் நாலு படிகளும் தனி மனிதருக்கும் அப்படியே பொருந்தும். கேள்வியை வை, கட்டு, கட்டியதைப் பற்றிச் சொல், அப்புறம் யோசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நாம் எப்போதும் யோசித்துவிட்டுத்தான் செய்யப் பார்ப்போம், இங்கே அது தலைகீழ்.

என்னென்ன வேண்டும்

லெகோதான் வேண்டும் என்று இல்லை, அது விலை அதிகம். பிள்ளைகளின் பெட்டியில் இருக்கும் எந்தப் பிளாஸ்டிக் கட்டையும் போதும். அறுபது, எழுபது துண்டுகள் இருந்தால் நல்லது, அதற்கு மேல் இருந்தால் பொறுக்குவதிலேயே நேரம் போய்விடும். வெறும் செங்கல் வடிவம் மட்டும் இல்லாமல் ஒன்றிரண்டு மனித பொம்மை, ஒரு மிருகம், சக்கரம், கதவு அல்லது சன்னல், கொஞ்சம் நூல் இவை கட்டாயம் இருக்கட்டும். கட்டையே இல்லாத வீட்டில் தீப்பெட்டி, பாட்டில் மூடி, கொட்டாங்குச்சி, புளியங்கொட்டை, பழைய சொப்புச் சாமான், ஒரு உருண்டை களிமண் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி தயார் பண்ணலாம். என் தம்பி இப்படித்தான் செய்தான், அவனுக்குக் களிமண் கட்டையை விடச் சரியாக வந்தது.

ஒரு பெரிய தாம்பாளமோ டிரேயோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை இருந்தால்தான் எதை உள்ளே வைக்கிறோம், எதை ஓரத்தில் தள்ளுகிறோம் என்பது தெரியும். லண்டனில் குழந்தை மருத்துவராக இருந்த மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1920களின் கடைசியில் மணல் நிரப்பிய தட்டும் சின்னப் பொம்மைகளும் கொடுத்துக் குழந்தைகளின் மனசைப் புரிந்துகொள்ளத் தொடங்கினார். அவரிடம் கற்ற டோரா கால்ஃப் சுவிட்சர்லாந்தில் அதை மணல் விளையாட்டுச் சிகிச்சையாக வளர்த்தார். அவர்கள் பயன்படுத்திய தட்டு ஒரே பார்வையில் முழுவதும் அடங்குகிற அளவுதான், உட்புறம் நீலம் பூசியிருக்கும், மணலை விலக்கினால் தண்ணீர் தெரிவது போல் இருக்கும். உங்கள் தட்டும் ஒரே பார்வைக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

செல்போனை நேரம் வைக்கவும் குரல் பதிவு பண்ணவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தை அணைத்துவிடுங்கள். மொத்தம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கையைப் பழக்குவது

நேராகப் பெரிய கேள்விக்குப் போகாதீர்கள். முதலில் ஏதாவது ஆறு கட்டைகளை எடுத்து ஒரு நிமிடத்தில் ஒரு வாத்து செய்யுங்கள். முடிந்ததும் கலைத்துவிட்டு அதே ஆறால் வேறொரு வாத்து. ஆறு கட்டையில் என்ன பெரிதாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்: மேலே எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறை ஒன்றோடொன்று பொருத்த 91 கோடியே 51 லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் இருக்கின்றன என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். கூட யாராவது இருந்தால் அவர்களுக்கும் அதே ஆறைக் கொடுங்கள், இரண்டு வாத்தும் ஒரே மாதிரி வராது.

அடுத்து, கண்ணில் பட்ட ஏழெட்டுத் துண்டுகளை எந்த அர்த்தமும் இல்லாமல் ஒட்டுங்கள். ஒட்டி முடித்த பிறகு ‘இது ஒரு திங்கட்கிழமை’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏன் இது திங்கட்கிழமை என்று ஒவ்வொரு துண்டையும் தொட்டு விளக்குங்கள். சக்கரம் ஒன்று மேலே ஒட்டியிருந்தால், ‘ஓடத்தான் வேண்டும், ஆனால் தரையில் கால் பாவவில்லை’ என்று ஏதோ வரும். இந்தப் பயிற்சியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வீடு என்றால் கூரையும் சுவரும் கட்ட வேண்டும் என்ற பழக்கம் இங்கேதான் உடைகிறது. ஒரு சிவப்புத் துண்டு கோபமாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், வீட்டுக்கடனாகவும் இருக்கலாம்.

கேள்விகள்

‘என் வாழ்க்கையின் நோக்கம் என்ன’ என்று கேட்டுக் கட்டினால் கோபுரமும் கொடியும்தான் வரும், நான் பார்த்தவரை எல்லோருக்கும் அப்படித்தான். அதனால் பக்கவாட்டில் நுழைகிற கேள்விகள் வேண்டும்.

முதல் கேள்வி யுங்கின் வழி: பத்து வயதில் யாரும் சொல்லாமல் நீங்களாகப் போய் விளையாடிய விளையாட்டு எது? அந்த இடத்தைக் கட்டுங்கள், ஐந்து நிமிடம். என்ன கட்டுவது என்று தெரியாவிட்டால் பிடித்த நிறத்தில் ஒரு துண்டை எடுத்துக் கீழே வைத்துவிடுங்கள், அடுத்ததைக் கை எடுக்கும். மணி அடித்ததும் நிறுத்திவிடுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: போன ஒரு மாதத்தில் நேரம் போனதே தெரியாமல் இருந்த ஒரு பொழுது. பெருமைப்பட்ட பொழுதைக் கேட்கவில்லை. நேரம் மறந்த பொழுது. இதுவும் ஐந்து நிமிடம்.

இங்கே என் விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் பதினேழு வருஷமாக ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். முதல் எட்டு வருஷம் கவுன்டரில், அப்புறம் பதவி உயர்வு கிடைத்து உள்ளே கணக்குப் பிரிவுக்கு வந்துவிட்டேன். உள்ளே வருவதற்குத்தான் பாடுபட்டேன், வந்ததில் சந்தோஷமும் உண்டு. இரண்டாவது கேள்விக்கு என் கை ஒரு சுவர் கட்டியது, சுவரில் ஒரு கதவு வைத்தது, மனித பொம்மையைக் கதவுக்கு வெளியே தெருவைப் பார்த்து நிறுத்தியது, அதன் எதிரில் ஒரு வயசான யானை. நானே பார்த்துவிட்டு இதென்ன என்று யோசித்தேன். என் தம்பி பக்கத்தில் இருந்தான், “அக்கா, இந்த ஆள் ஏன் வெளியே நிக்கிறான்?” என்று கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வருவார்கள், கைரேகை பதியாமல் தவிப்பார்கள், படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் நிற்பார்கள். அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று என்னை வெளியே உதவிக்கு அனுப்பியிருந்தார்கள். காலை பத்து மணிக்குப் போனவள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு மூன்றரை மணிக்குத்தான் உள்ளே வந்தேன். அதை யாரிடமும் ஒரு பெரிய விஷயமாகச் சொல்லியிருக்க மாட்டேன், சொல்லத் தோன்றியதே இல்லை.

மூன்றாவதுதான் பெரியது, இருபது நிமிடம் கொடுங்கள். முந்தைய இரண்டையும் கலைக்காமல் ஓரமாக வையுங்கள். தாம்பாளத்தில் இப்போது உங்கள் நாட்கள் போகிற விதத்தைக் கட்ட வேண்டும். முதலில் உங்களுக்கென்று ஒரு பொம்மையை எடுத்து, எங்கே நிற்கத் தோன்றுகிறதோ அங்கே நிறுத்துங்கள், நடுவில்தான் நிற்க வேண்டும் என்று இல்லை. அப்புறம் வேலை, வீடு, பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், உடம்பு, பணம், பயம், சாமி, எது உங்கள் நாளைப் பிடித்துக்கொள்கிறதோ அதெல்லாம் ஒவ்வொன்றாக. எவ்வளவு தூரத்தில் வைக்கிறீர்கள், எவ்வளவு உயரமாகக் கட்டுகிறீர்கள், அது உங்களைப் பார்க்கிறதா, முதுகு காட்டுகிறதா என்பதெல்லாம் கை தானாகத் தீர்மானிக்கட்டும். கட்டியான பிறகு நூலை எடுத்து, எது எதோடு கட்டப்பட்டிருக்கிறதோ அதை இணையுங்கள். இறுக்கமாக இருக்கிற உறவுக்கு நூலை இழுத்துக் கட்டுங்கள், தொய்ந்து போனதற்குத் தொய்வாக.

இப்போது தரையில் குனிந்து, அல்லது மேசையாக இருந்தால் கன்னத்தை மேசையில் வைத்து, உங்கள் பொம்மையின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். அந்தச் சின்ன ஆளுக்கு என்ன தெரிகிறது, எது மறைக்கிறது? அங்கிருந்தே ஒரு புகைப்படம் எடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது ஒழுங்காகத் தெரிந்த தட்டு கீழிருந்து பார்த்தால் சில சமயம் ஒரே சுவராக இருக்கும். எனக்கு முதல் தடவை வீட்டுக்கடனைத் தவிர எதுவுமே தெரியவில்லை, மகள்கூட அதற்குப் பின்னால்தான் இருந்தாள்.

அடுத்தது, எடுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு பொருளாகத் தட்டிலிருந்து தூக்கி வெளியே வைத்து, பத்து விநாடி பார்த்துவிட்டுத் திரும்ப வையுங்கள். சிலவற்றை எடுத்தால் மனசு லேசாகும், சிலவற்றை எடுத்தால் பயம் வரும், ஒன்றிரண்டை எடுத்தால் மட்டும் இது என் தட்டே இல்லை என்று தோன்றும். அந்த ஒன்றிரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பயத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது கஷ்டம், அவசரப்படாதீர்கள். சம்பளத்தை எடுத்தால் எனக்குப் பயம் வந்தது, அது நியாயமான பயம். ஆனால் தட்டு என்னுடையதாகத்தான் இருந்தது.

கடைசியாக, தட்டில் ஏதாவது காலி இடம் இருக்கிறதா, ஏதோ வைக்க நினைத்துக் கை பின்வாங்கிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் ஒரு நூல் துண்டை வட்டமாக வைத்து அப்படியே விட்டுவிடுங்கள்.

வாய்விட்டுச் சொல்வது

கட்டியதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதி வேலை வீண். தனியாக இருந்தால் குரலைப் பதிவு பண்ணுங்கள், எழுத வேண்டாம். எழுத ஆரம்பித்தால் பழைய தேய்ந்த வாக்கியங்கள் திரும்ப வந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் விரலால் தொட்டு ‘இது இது, இதை இங்கே வைத்திருக்கிறேன், இது இந்த நிறம்’ என்று தொடங்குங்கள், மற்றது தானாக வரும்.

கூட ஒருவர் இருந்தால் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கேள்வி கட்டைகளைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும், ஆளைப் பற்றி இருக்கக் கூடாது. ‘இந்தச் சன்னல் ஏன் மூடியிருக்கிறது’ என்று கேட்கலாம். ‘நீ எப்பவுமே மனசை மூடி வைப்பவள்தானே’ என்று சொல்லக் கூடாது. ‘இது உங்க அப்பாதானே’ என்பதும் கூடாது. கட்டியவர் சொல்வதுதான் அர்த்தம். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே இருக்கிறது, தெருமணலில் நாங்கள் கட்டிய சின்ன வீட்டைக் காலால் அழித்துவிடாதே என்று சிறுமிகள் அந்தப் பிள்ளையிடம் கெஞ்சுவார்கள். அடுத்தவர் கட்டியதற்கு நாம் அர்த்தம் சொல்வது அந்த வீட்டை மிதிப்பதுதான். எனக்கு ஒரு தோழி ஆசையோடு விளக்கம் சொன்னாள், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தட்டை என்னால் என் கண்ணால் பார்க்க முடியவில்லை, கலைத்துவிட்டு வேறொரு நாள் முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று.

இன்னொன்று. சிலருக்குக் கட்டும்போது எதிர்பாராமல் அழுகை வரும், இறந்துபோனவர் யாராவது தட்டில் வந்து நிற்பார். கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் தொடரலாம், அல்லது அன்றைக்கு நிறுத்திவிடலாம், இரண்டும் சரிதான். ஆனால் பாரம் நாட்கணக்கில் இறங்காமல் இருந்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ கட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அப்புறம்

இரண்டு நாள் கழித்துப் பதிவைக் கேளுங்கள், உடனே கேட்க வேண்டாம். நீங்கள் இரண்டு தடவைக்கு மேல் சொன்ன வார்த்தை எது என்று பாருங்கள், என்னுடையதில் அது ‘வெளியே’. பிறகு அதிலிருந்து ஒரு பெரிய லட்சிய வாக்கியம் எழுத முயற்சிக்காதீர்கள். லெகோ முறையிலும் கடைசியில் தேடுவது சின்ன வழிகாட்டு விதிகளைத்தான், ஒரு முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் கையில் பிடித்துக்கொள்கிற மாதிரி எளிமையான ஒன்று. நான் எழுதியது: வாரத்தில் ஒரு தடவையாவது கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். வேலையை விடவில்லை, விடும் எண்ணமும் இல்லை. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் எங்கள் பகுதி நூலகத்தின் வராந்தாவில் உட்கார்ந்து, யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமோ அவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிறேன். முதல் நாள் இரண்டு பேர்தான் வந்தார்கள். வங்கியில் இடமாற்றம் பற்றிப் பேச்சு வந்தபோது, உள்பிரிவுக்கே மறுபடியும் கேட்காமல், வாடிக்கையாளர்களைப் பார்க்கிற வேலை உள்ள கிளையாகக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

உங்கள் விதி இதைவிடச் சின்னதாக இருக்கலாம். அதை ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு மூன்றாவது கேள்வியை மட்டும் மறுபடியும் கட்டி, பழைய புகைப்படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும், அடிக்கடி செய்தால் கை அழகாகக் கட்டப் பழகிவிடும், அப்புறம் அதுவும் தேய்ந்த வாக்கியம் மாதிரி ஆகிவிடும்.

கட்டியதை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட்டுக் கலைத்துவிடுங்கள், மனசு வராவிட்டால் ஒரே ஒரு சின்னப் பகுதியை மட்டும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். என்னுடைய சுவரும் கதவும் அந்த யானையும் அலமாரியில் ரொம்ப நாள் இருந்தன. போன வாரம் மகளுக்கு அந்தக் கதவு வேண்டியிருந்தது, அவள் ஒரு பஸ் கட்டிக்கொண்டிருந்தாள். கழற்றிக் கொடுத்துவிட்டேன். யானை மட்டும் இருக்கிறது.